எந்தக் கோமதி

“கோமதி!” என்று வாசலிலிருந்து குரல் வந்ததும் இவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள், எழுந்து முடிப்பதற்குள் வாசல் மேசைக் கோமதி உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிக் கொரியரை வாங்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். பார்சல் இவளுடையது, போன வாரம் ஆர்டர் போட்ட கீபோர்டு. கொரியர்க்காரர்மேல் என்ன தப்பு, கோமதி இருக்காங்களா என்று கேட்டார், ஒரு கோமதி கிடைத்தாள், கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே இன்னொருத்தி உண்டா என்று எட்டிப் பார்க்க அவருக்கென்ன தலையெழுத்தா. பாளையங்கோட்டையில் டயர் கடைக்கு மேல் மாடியில் பதினெட்டுப் பேர் வேலை பார்க்கிற ஆபீஸில் இரண்டு கோமதி இருப்பதே அதிசயம் என்று ஆபீஸை நடத்துகிற நயினார் சார் சொல்வார், அவர் தூத்துக்குடிக்காரர், அவருக்குத் தெரியாது. சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு இரண்டெல்லாம் ஒரு கணக்கா. அங்கே அம்மன் பேர் கோமதி, பெண் பிறந்தால் முதலில் நாக்கில் வருகிற பேர் அதுதான். தெருவில் நின்று கோமதி என்று கூப்பிட்டால் நாலு வீட்டில் கதவு திறக்கும், ஆண்பிள்ளை என்றால் கோமதிநாயகம் என்று அவனும் திரும்பிப் பார்ப்பான். முதலில் கிடைத்த கோமதி. இவள் மறுபடி உட்கார்ந்தாள், திரையைப் பார்த்தாள், மணி பதினொன்று பத்து. முதலில் கிடைத்த கோமதியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இந்த வாக்கியம் ஏன் போகாமல் நிற்கிறது என்று தெரியவில்லை.

இன்றைக்கு இவளுக்கு இருக்கிற வேலை வேறு. பன்னிரண்டு மணிக்குச் சங்கரன்கோவில் டயாலிசிஸ் மையத்தில் கமிட்டி கூடுகிறது, நர்ஸ் ஜெபசெல்வியை டயாலிசிஸ் அறையிலிருந்து எடுத்துவிடுவதா இல்லையா என்று. அதற்கும் இவளுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் செவ்வாய்க்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், சம்பந்தம் இல்லாதவர்கள் இத்தனை தடவை சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அந்த மையத்துக்கு இவள்தான் ஒரு வெப் பக்கம் செய்துகொடுத்தாள். நாளைக்கு யார் யாருக்கு டயாலிசிஸ் என்று பேர்ப்பட்டியல் ஃபோனில் வரும். நர்ஸ் ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டு, வருகிறேன் என்று சொன்னவர் பேரைத் தொட்டால் பக்கத்துப் பெட்டியில் டிக் விழும். டிக் விழாதவர் இடம் சாயங்காலம் காத்திருப்போருக்குப் போய்விடும். நல்ல பக்கம், அழகான பக்கம், அதில் இவளுக்குச் சந்தேகம் கிடையாது, தான் செய்த பக்கங்களை அவள் மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல அடக்கமாகப் பார்ப்பதில்லை, தன் பிள்ளையைப் பார்ப்பதுபோல வெளிப்படையாகவே பெருமையாகப் பார்ப்பாள். கையுறை போட்ட கையால் சின்னப் பெட்டியைத் தொட முடியாது என்று யோசித்துப் பேரைத் தொட்டாலே போதும் என்று வைத்தவள் அவள்தான். டிக் விழுந்த ஆள் பட்டியலின் அடிக்குப் போய்விட வேண்டும், மிச்சம் இருப்பவர்கள் மேலே நிற்க வேண்டும் என்று இந்த வாரம் சேர்க்கப்போகிற ஏற்பாடும் அவள் மூளைதான். திங்கள்கிழமை காலை கரிவலத்திலிருந்து டயாலிசிஸுக்குப் பஸ் ஏறி வந்த ஒரு அம்மாவுக்குப் படுக்கை இல்லை. உங்க பேருக்கு டிக் இல்லையே, இடத்த வேற ஆளுக்குக் குடுத்தாச்சே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி மூச்சு வாங்கி, மறுநாள் விடிந்ததும் ஆட்டோவில் தூக்கிவந்து முதல் ஆளாக மிஷினில் போட்டார்கள், பிழைத்துக்கொண்டது. ஜெபசெல்வி அழுதிருக்கிறாள், நான் தொட்டேன் சார், ஆண்டவர் அறிய தொட்டேன், டிக் விழல, மறுக்கா தொட்டேன், நெட்டுதான் சுத்துது பொறவு விழும்னு நெனச்சேன் என்று. மையத்தைப் பார்த்துக்கொள்கிற வெள்ளத்துரை சார் ஆபீஸ் நம்பருக்கு ஃபோன் போட்டு இவளிடம் கேட்டார். இவள் என்ன சொன்னாள்? அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சாஃப்ட்வேர்ல தப்பு இல்ல சார், தொட்டிருந்தா விழுந்திருக்கும். அந்தக் குரல்கூட ஞாபகம் இருக்கிறது, தெளிவாக, நிதானமாக, நல்ல பிள்ளைக் குரலில்.

கரிவலத்து அம்மாவின் பேர் கோமதி. அது அப்போதே தெரியும். அட நம்ம பேரு என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது, ஆனால் பேரைப் பேராகத்தான் கேட்டாள், அது எங்கேயும் போய் முட்டவில்லை, இப்போது கொரியர்க்காரர் படி இறங்கிப்போன பிறகு முட்டுகிறது. ஏழாம் வகுப்பில் ஐந்து கோமதி இருந்தார்கள். பியூலா டீச்சர் முதல் நாளே பெஞ்சு வரிசைப்படி எண்ணி, நீ கோமதி ஒண்ணு, நீ ரெண்டு என்று நெற்றியில் பொட்டு வைப்பதுபோல எண் வைத்துவிட்டார். இவள் குட்டை, முதல் பெஞ்சு, ஆகவே கோமதி ஒன்று. அந்த ஒன்றை அவள் ராங்க் மாதிரி வைத்துக்கொண்டாள், வீட்டில் போய் நான்தான் ஒண்ணு என்றுகூடச் சொன்னாள். பிறகு அம்மை போட்டுப் பத்து நாள் வேப்பிலையில் படுத்துவிட்டுத் திரும்பிப் போனால் கோமதி இரண்டு ஒன்றாகியிருந்தாள், மூன்று இரண்டாகியிருந்தாள், இவளுக்கு எண்ணே இல்லை. அந்த வாரம் கணக்குப் பரீட்சை மார்க்கெல்லாம் ஒருத்தி மாற்றி ஒருத்திக்குப் போய், நாற்பத்தெட்டு வாங்கியவள் பன்னிரண்டுக்கு அடி வாங்கினாள். உட்கார்ந்த இடத்துக்குக் கொடுத்த எண், ஆள் எழுந்து போனால் இடத்தோடுதானே இருக்கும். சரி, அதெல்லாம் எதற்கு இப்போது. பட்டியலில் ஐடி என்ன வைத்தோம்?

விரல்களுக்கு முதலில் தெரிந்துவிட்டது, அவை புரோகிராம் ஃபைலைத் திறக்காமல் டீ டம்ளரைத் தேடின. டீ ஆறிப்போயிருந்தது, ஆடை உதட்டில் ஒட்டியது, துடைத்துக்கொண்டாள். நான் அப்படியெல்லாம் செய்திருக்க மாட்டேன். ஐந்து வருஷமாக இந்த வேலை பார்க்கிறவள், புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் பாடமே அதுதானே எடுக்கிறாள்: டெம்ப்ளேட்டில் ஒரு வரிசையை ஒரே ஒரு தடவைதான் எழுதுகிறோம், லூப் அதை எத்தனை ஆள் உண்டோ அத்தனை தடவை அச்சடித்துத் தள்ளும், அச்சடிக்கும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் தனி அடையாளமாக ஒரு ஐடி விழவேண்டும், இல்லாவிட்டால் பேருக்கும் பெட்டிக்கும் நாம் போட்ட முடிச்சு யாரோடு யாரையோ கட்டிவிடும். இதைச் சொல்லும்போது கல்யாண மண்டப உதாரணம்கூடச் சொல்வாள், பிள்ளைகள் சிரிக்கும். சொல்லிக்கொடுக்கிறவள் செய்ய மாட்டாள். திறந்தாள். அவள் எழுத்து, அவள் இடைவெளி, அவள் வைக்கிற ஒழுங்கு. ‘வருகை’ என்று போட்டு ஒரு சின்னக் கோடு, அதற்குப் பக்கத்தில் ஆளின் பேர். தனி ஐடிதான், பார், ஒவ்வொருவருக்கும் அவரவர் பேர், அதைவிடத் தனியாக உலகத்தில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு இவள் நினைத்திருக்கிறாள். சங்கரன்கோவில்காரி. வெளியூர்க்காரன் செய்திருந்தாலும் மன்னிக்கலாம். மையத்துப் பட்டியலில் இனிஷியல் வேறு பத்தியில் இருந்தது, பேர்ப்பத்தியில் வெறும் பேர். சோதித்துப் பார்த்தபோது இவள் போட்ட பொய்ப் பேர்கள் பத்தும் பத்து விதம், படிக்கிற காலத்தில் சென்னை ஹாஸ்டலில் இருந்தவர்களின் பேர்கள். அதுவும் மவுஸால் பெட்டியையே தொட்டுத் தொட்டுச் சோதித்தாள், பேரைத் தொடவில்லை. பேரைத் தொடுவது நர்சுகளுக்காக வைத்த வசதி. தான் வைத்த வசதியைத் தான் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

திங்கள்கிழமைக்கான பட்டியலை எடுத்துச் சோதனைப் பக்கத்தில் போட்டாள். மூன்றாவது வரிசையில் ஒரு கோமதி, மேல வீதி. பத்தொன்பதாவதில் ஒரு கோமதி, கரிவலம். கீழே உருட்டிக் கரிவலத்தைத் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. மேலே உருட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது, நிஜமாகவே பயம், ஆனாலும் உருட்டிப் பார்த்தாள். மேல வீதிக் கோமதிக்கு டிக் விழுந்திருந்தது. பிரவுசர் என்ன செய்யும், கோமதி என்று கேட்டால் மேலிருந்து தேடிக்கொண்டு வரும், முதலில் கிடைத்த கோமதியிடம் நிற்கும், அவ்வளவுதான், இன்னொருத்தி உண்டா என்று எட்டிப் பார்க்காது. கரிவலத்தை மறுபடி தொட்டாள், ஜெபசெல்வி தொட்டதுபோல. மேல வீதிக்கு விழுந்த டிக் அழிந்தது. அன்றைக்கு மேல வீதிக்கு முதலிலேயே டிக் இருந்திருக்கும், கரிவலத்தை இரண்டு முறை தொட்டதில் அது ஒரு தரம் அழிந்து ஒரு தரம் விழுந்து, யாருக்கும் எதுவும் தெரியாமல் பழையபடி நின்றிருக்கும். அந்தப் பெண் தொட்டிருக்கிறாள். ஆண்டவர் அறியத் தொட்டிருக்கிறாள்.

மணி பதினொன்று இருபத்தைந்து. நயினார் சார் அந்தப் பக்கமாகக் குடையை மடக்கிக்கொண்டு வந்தவர் இவள் முகத்தைப் பார்த்து நின்றார். இவள் காட்டினாள். ஒரு தடவை தொட்டுக் காட்டினாள், அவருக்கு அது போதும், முப்பது வருஷ ஆள்.

“சரி, லூப்ல வரிசை நம்பர் வரும்லா, அதப் போட்டு வுடு. ரெண்டு நிமிஷ வேல. அப்டேட்னு அனுப்பிருவோம்.”

“அப்டேட்னு மட்டுமா சார்?”

“வேற என்ன சொல்லணும்?”

“அந்த சிஸ்டர் தொட்டது சரின்னு சொல்லணும்.”

அவர் குடையின் நுனியைத் தரையில் ஊன்றினார். “இங்க பாரும்மா, தப்ப சரி பண்ணு. தண்டோரா போடணும்னு அவசியம் இல்ல. அந்தப் பொண்ண ஒண்ணும் வீட்டுக்கு அனுப்பிறப் போறதில்ல, வேற வார்டுல போடுவாவ. நாம அந்த மையத்த நம்பி இன்னும் நாலு மையம் கேட்டிருக்கோம், யோசி” என்று சொல்லிவிட்டு, திட்டாமல், அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம், திட்டாமல் உள்ளே போய்விட்டார்.

வரிசை நம்பர் போட்டுப் பார்த்தாள், கை தன்பாட்டுக்குப் போட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பெட்டிகள் அவரவர் எண்ணோடு நின்றன, கரிவலத்தைத் தொட்டால் கரிவலத்துக்கு விழுந்தது, ரெண்டு நிமிஷ வேலைதான், நயினார் சார் சொன்னால் சொன்னதுதான். ஆனால் இந்த வாரம் சேர்க்கப்போகிற ஏற்பாடு இருக்கிறதே, டிக் விழுந்தவர் அடிக்குப் போவது, அதைச் சேர்த்துத் தொட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது ஆள் அடிக்கு இறங்க, நான்காவது ஆள் மூன்றாவதாக ஏறி, மூன்றின் டிக்கைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு நின்றார். அம்மைக்குப் பிறகு பள்ளிக்கூடம் போன மாதிரியே இருந்தது. பியூலா டீச்சரே, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது, உங்கள்மேல் கோபம் இல்லை, நீங்கள் இடத்துக்கு எண் கொடுத்தீர்கள், ஆளுக்குக் கொடுக்கவில்லை. ஆளோடு ஒட்டின எண் எது? எங்கே உட்கார்ந்தாலும், வரிசை எப்படிக் கலைந்தாலும், அம்மை போட்டுப் படுத்தாலும் கூடவே வருகிற எண்? அட்டை. மையத்தில் முதல் நாள் சேர்க்கும்போதே பச்சை அட்டை கொடுக்கிறார்களே, அதில் மேல் மூலையில் எண், ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. பட்டியலில் கடைசிப் பத்தியாக அது வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, யாரும் சீந்தாமல். ‘வருகை’, கோடு, அட்டை எண். ஒரே ஆளுக்கு இரண்டு பெட்டி உண்டு, வருகிறாரா என்று ஒன்று, துணைக்கு ஆள் உண்டா என்று ஒன்று, ஆகவே அதற்கு ‘துணை’, கோடு, அட்டை எண். பேருக்கும் அதே முடிச்சு. தொட்டாள், இறங்கியது, மறுபடி தொட்டாள், கலைத்தாள், தலைகீழாக அடுக்கினாள், எங்கே போனாலும் டிக் அவரவரோடு போயிற்று. இந்த வேலையில் இவளுக்கு இணை இவள்தான், அதில் சந்தேகம் இல்லை, தப்பையும் நன்றாகத்தான் செய்கிறாள், திருத்தத்தையும் நன்றாகத்தான் செய்கிறாள். திருத்தத்தை மையத்துப் பக்கத்திலும் ஏற்றிவிட்டாள், மணி பதினொன்று நாற்பத்திரண்டு.

இனி ஃபோன்தான் பாக்கி, அதற்குக் கை போகவில்லை. மதியச் சாப்பாட்டுப் பையிலிருந்து எவர்சில்வர் சம்புடத்தின் மூடி எட்டிப் பார்த்தது. அதில் ‘கோமதி’ என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும், கடையில் மிஷினால் வெட்டினது, முன்னால் இனிஷியல் கிடையாது. பள்ளிக்கூடத்தில் வெட்டிக் கொடுத்தது. எட்டாம் வகுப்பு, மழைநீரைப் பற்றிக் கட்டுரைப் போட்டி, முதல் பரிசு கோமதி என்று மைக்கில் சொன்னார்கள். முதல் பெஞ்சிலிருந்தவள் எழுந்தாள், மேடைக்கு நாலு எட்டுதான். ஏறுகிற வரை தன்னுடையது என்றுதான் நினைத்தாள், இதைச் சத்தியமாகச் சொல்லலாம், இவளும் எழுதியிருந்தாளே. மேடையில் நின்றபோது நடுவர் கட்டுரையின் முதல் இரண்டு வரியை வாசித்தார்; எங்கள் வீட்டு ஓட்டில் ஏழு ஓட்டை என்று அது தொடங்கியது. இவள் வீடு தார்சு வீடு, ஓடே கிடையாது. அந்த வரி இவளுடையதில்லை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, கையில் சம்புடம் குளிர்ச்சியாக இருந்தது, கீழே கடைசி வரிசையில் ப. கோமதி பாதி எழுந்து நின்றாள். முழுதாக எழவில்லை. பாதி எழுந்து, இவள் மேடையில் நிற்பதைப் பார்த்து, பாவாடையைச் சரிசெய்கிற மாதிரி செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கைதட்டினாள் வேறு. இந்த இருபது வருஷத்தில் அந்தப் பாதி எழுந்ததை மட்டும் இவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள், பஸ்ஸில், பல் தேய்க்கும்போது, சம்பளம் உயர்ந்த அன்றைக்கு. ஒரு வார்த்தை, டீச்சர் இது நான் எழுதலை என்று ஒரே வார்த்தை, நாக்கு எழவில்லை. முதலில் கிடைத்த கோமதி இவள்தானே. மேல வீதிக் கோமதியாவது பாவம், தனக்கு விழுந்தது அடுத்தவள் டிக் என்று அறியாள், இவளுக்குத் தெரியும். தெரிந்தே அந்தச் சம்புடத்தில் இத்தனை வருஷம் தயிர்சாதம் தின்றிருக்கிறாள். பரிசைத்தான் அப்படி வாங்கிக்கொண்டோம். பழியையும் அடுத்தவள் தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதா?

வாசல் பக்கம்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். வாசல் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று முதலில் ஜெபசெல்விக்குப் போட்டாள்.

“சிஸ்டர், நான் பாளையங்கோட்டைலருந்து பேசுதேன். அந்தப் பக்கத்த மூடிட்டு மறுபடி தொறங்க. கரிவலத்து அம்மா பேரத் தொடுங்க.”

ஃபோனை ஸ்பீக்கரில் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, “விழுது மேடம். அவிய பேருக்கே விழுது.”

“மேல வீதி அம்மாவத் தொடுங்க.”

“அதுவும் விழுது. அப்போ அன்னைக்கும் நான் தொட்டது…”

“தொட்டிய சிஸ்டர். நீங்க சரியாத்தான் தொட்டிய. என்மேலதான் தப்பு. ஃபோன வெள்ளத்துரை சார்ட்ட குடுங்க.”

செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், இருமல். வெள்ளத்துரை சார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் நோட்டில் எழுதாமல் நம்பாதவர். இவள் சுற்றி வளைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் சொன்னது தப்பு சார், சிஸ்டர் தொட்டிருக்காங்க, ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா முதல் ஆளுக்கே டிக் போற மாதிரி நான் எழுதியிருக்கேன், இப்ப அட்டை நம்பர வச்சுத் திருத்தியாச்சு, கரிவலத்து அம்மாவ நான் நேர்ல வந்து பாக்கேன் என்று சொல்லி முடித்தாள். உள்ளே கண்ணாடி அறையில் நயினார் சார் தலையைத் தூக்கி இவளைப் பார்த்தார், பிறகு தன் திரைக்குத் திரும்பிக்கொண்டார்.

மறுமுனையில் தாள் புரண்டது. “இத நான் கமிட்டி நோட்ல எழுதணும். யார் தப்புன்னு பேர் போடாம நான் எழுதுறது கெடையாது. ஒங்க பேரு?”

“கோமதி.”

பக்கத்து மேசையில் வாசல் கோமதி தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பேனாவை வைத்துவிட்டுப் பாதி எழுந்தாள்.

“கோமதின்னா? ஒங்க ஆபீஸுக்குப் போட்டா ஃபோன் எடுக்குமே ஒரு பொண்ணு, அதுவா?”

இவள் கையை நீட்டி அவள் தோளை மெல்ல அழுத்தி உட்காரவைத்தாள்.

“இல்ல சார், அவ வேற. நான் ச. கோமதி, எம்ப்ளாயி நம்பர் பதினேழு.”

“பதினேழா?”

“பதினேழு. அதையும் சேத்து எழுதிக்கிடுங்க சார், வெறும் பேர் மட்டும் போட்டிராதிய” என்று சொல்லிவிட்டு, அவர் எழுதி முடித்துத் திரும்ப வாசித்துக் காட்டுகிற வரை ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.